கேட்டுவிட்டுத் தொடும் கை

இன்று காலை உம்முடைய படிகாரக் கல் இரண்டாக உடைந்துபோனது. சவரம் முடிந்த ஒருவர் தாடையில் நனைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கையோடு பிட்டுக்கொண்டு வந்துவிட்டது. பல வருடம் தேய்ந்த கல், நடுவில் குழிந்து பழைய சோப்புத் துண்டு போல ஆகியிருந்தது. என் மகன் விதவிதமான வாசனைத் தண்ணீர் வாங்கி அடுக்கி வைத்திருக்கிறான். நீர் அதில் ஒரு சொட்டுக்கூடப் போடவிட மாட்டீர். "கல்லைத் தேயும் வே, அது போதும்" என்பீர். உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஆமாம், நான்தான் எழுதுகிறேன். நம்பும். பேட்டையில் பள்ளிக்கூடம் விட்ட பிறகு பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. கத்தி பிடித்த கைக்குப் பென்சில் வழுக்குகிறது. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் ஒரு தலை வெட்டி முடித்துவிடலாம். ஆனாலும் எழுதியதை நானே திரும்ப வாசிக்கும்போது சிரிப்பு வந்துவிடுகிறது. இந்த 'ழ' இருக்கிறதே, அதைப் போடும்போது என் கை மீசை ஒதுக்குவது போலவே வளைகிறது. யாருக்காவது ஒரு கடிதம் எழுதி வாருங்கள் என்று டீச்சர் சொன்னாள். உமக்கு எழுதப்போகிறேன் என்றேன். "தாத்தா, முகவரி?" என்று கேட்டாள். "அவரு ஊர் ஊரா அலைஞ்ச ஆளு. எங்கன இருந்தாலும் வாங்கிக்கிடுவாரு" என்றேன்.

நீர் வக்கீலாகக் கறுப்புக் கோட்டு மாட்டிய புதிதிலேயே என் நாற்காலிக்கு வந்துவிட்டீர். அப்போதெல்லாம் கழுத்தில் துணியைக் கட்டி முடிக்குமுன் தூங்கிவிடுவீர். தொங்குகிற தலையை இடது கையால் தாங்கிக்கொண்டு வலது கையால் வெட்டுவேன். அரிசிக் கடை செய்யது அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "வக்கீல் இங்கன தூங்குதாரு, கட்சிக்காரன் அங்கன ஜெயிலுக்குப் போறான்" என்பார். கண்ணைத் திறக்காமலே, "அவன் அங்கனயாவது நிம்மதியா தூங்கட்டும் அண்ணாச்சி" என்பீர்.

பிறகு வெளிநாட்டு அமைப்பு ஒன்றில் சேர்ந்தீர். சண்டை நடக்கிற நாடுகளுக்குப் போய், சித்திரவதைப்பட்டவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி, என்றாவது வழக்கு வந்தால் அது சாட்சியாக நிற்கும்படி செய்கிற வேலை. கையில் துப்பாக்கி இல்லாமல் போர் நடக்கிற இடத்துக்குப் போகிற ஆள் என் வாடிக்கைக்காரர் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவேன். "அதுல என்ன கிடைக்கும்?" என்று கேட்டவனுக்கு ஒரு பக்கக் கிருதாவைக் கொஞ்சம் ஏற்றி வெட்டிவிடுவேன்.

ஒவ்வொரு தடவை நீர் ஊருக்கு வரும்போதும் என் கைக்குத் தெரிந்துவிடும். ஒரு தடவை பிடரியில் வட்ட வட்டமாக முடி கொட்டியிருந்தது. இன்னொரு தடவை, முந்தின வருடம் கறுப்பாக இருந்த மீசை முழுக்க வெளுத்திருந்தது. தோள் இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி மேலே ஏறி நின்றன. அமுக்கினால் மரக்கட்டை. என்ன ஆச்சு வே என்று கேட்டதற்கு ஒரே ஒரு தடவை சொன்னீர்: "கேட்டதை இறக்கி வைக்க இடம் இல்ல வே."

அதற்கு அடுத்த தடவைதான் அது நடந்தது. முடி வெட்டி முடித்தேன். எங்கள் தொழிலில் கடைசியாக ஒரு மரியாதை உண்டு. பின்னால் நின்று இரண்டு கையையும் கோத்துத் தலையில் சடசடவென்று தட்டி, தாடையைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பிக் கழுத்தில் நெட்டி எடுப்போம். அது இல்லாமல் அனுப்பினால் வந்தவருக்குக் குறை. பழக்கத்தில் உமக்கும் செய்தேன். தாடையைப் பிடித்த நொடியில் நீர் அலறிக்கொண்டு எழுந்தீர். அலமாரி சரிந்தது, பவுடர் டப்பா உருண்டது. நீர் வாஷ்பேசினுக்கு அடியில் போய்த் தலையைக் கையால் மூடிக்கொண்டு குந்தியிருந்தீர். லேத் பட்டறைப் பையன் ஒருவன் சிரித்துவிட்டான். செய்யது அண்ணாச்சி திரும்பி, "ஏலே, வாயை மூடு" என்றார். கொஞ்ச நேரத்தில் நீர் பைய எழுந்து, சட்டையில் இருந்த பவுடரைத் தட்டிவிட்டு, "மன்னிச்சிரும் வே" என்றீர். தட்டியது நான், மன்னிப்புக் கேட்டது நீர்.

அப்புறம் வரவில்லை. தாடியோடு தெருவில் போவதாகச் சொன்னார்கள். ஒரு நாள் உம் வீட்டு மைனி கடைக்கு வந்தார்கள். ஆண்கள் சலூனுக்குள் வரக் கூச்சப்பட்டுப் படியிலேயே நின்றார்கள்.

"அண்ணாச்சி, போன நாட்டுல அவுகளைப் பின்னால இருந்து பிடிச்சுத் தலையில சாக்கை மாட்டித் தூக்கிட்டுப் போயிருக்கானுவ. சில நாள் வச்சிருந்து விட்டிருக்கானுவ. நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. இப்ப படுக்கவே மாட்டேங்காக. சுவத்துல சாஞ்சுக்கிட்டு வாசலையே பாத்துட்டு இருக்காக. உங்க கடையில உக்காந்தா தூக்கம் வந்துரும்னு முன்னால சொல்லுவாக. இங்கனயாவது தூங்குதாகளான்னு பாருங்க."

முடி வெட்டத்தான் தெரியும் எனக்கு. உம்மைத் தூங்க வைக்கிற வேலை அன்றைக்கு என் தலையில் வந்து உட்கார்ந்தது.

மறுநாள் மத்தியானம் உம் வீட்டுக்கு வந்தேன். சவரத்தைப் பற்றிப் பேசவில்லை. "பயந்து கிடக்கவங்ககிட்ட எப்படி வே பேச்சு குடுப்பீரு?" என்று கேட்டேன். வேலையைப் பற்றி என்றதும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"முதல்ல, ஒண்ணு கேக்கட்டுமான்னு கேப்பேன். சரின்னா கேப்பேன். அடுத்த கேள்விக்கு மறுபடியும் கேப்பேன். வேண்டாம்னா பேனாவை மூடிருவேன். அவங்ககிட்ட யாருமே எதையும் கேட்டுட்டுச் செஞ்சதில்ல வே. அதான்."

நடந்து கடைக்குத் திரும்பும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் தொழிலே பின்னால் நின்று செய்கிற தொழில். அதையும் கேட்காமல் செய்கிறோம். பக்கத்துப் பட்டறையில் ஆள் கூப்பிட்டு நாற்காலியின் போல்ட்டைக் கழற்றினேன். கண்ணாடிக்கு முதுகும் ரோட்டுக்கு முகமுமாகத் திருப்பி மாட்டினேன். செய்யது அண்ணாச்சி சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன வே இது? நம்ம மூஞ்சியை நாம பாக்க வேண்டாமா? பாபநாசம் பஸ்ல போறவன் பாத்துச் சொல்லுவானா?"

"சொல்லுவான். உமக்கு வழுக்கை கூடிட்டுன்னு சொல்லுவான். உக்காரும்."

மைனியிடம் சொல்லி அனுப்பினேன், நீர் வந்தீர். முன்னால் நின்று, நீர் பார்க்கும்படி கையைக் காட்டி, "கை வைக்கட்டுமா?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தீர். உம்முடைய பாடத்தை உமக்கே சொல்கிறேன் என்று தெரிந்துகொண்டீர். "ம்" என்றீர். துணி கட்டும்போது ஒரு தடவை, தண்ணீர் தெளிக்க ஒரு தடவை, கத்தி எடுக்கும்போது ஒரு தடவை, இந்தக் கன்னத்துக்கு, அந்தக் கன்னத்துக்கு என்று கேட்டுக்கொண்டே போனேன். பதில் வராமல் தொடக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். பெஞ்சில் இருந்தவர்களுக்கு ஒரே கேலி. "பொண்ணு பாக்க வந்தவன்கூட இம்புட்டுக் கேக்க மாட்டான்" என்றார்கள். நீர் எல்லாவற்றுக்கும் 'ம்' சொன்னீர். ஆனால் கண்ணை மட்டும் மூடவில்லை. மாதக்கணக்காக அப்படித்தான்.

ஒரு நாள் முகத்தில் நுரையோடு இருக்கும்போது உமக்குப் போன் வந்தது. நீர் எழுதி எடுத்த சாட்சியம் கோர்ட்டில் எடுபட்டுவிட்டது, ஒரு தளபதிக்குத் தண்டனை கிடைத்தது என்றார்கள். நான் கைதட்டப் போய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். கடையில் இருந்த எல்லாருக்கும் டீயும் வடையும் சொன்னேன். இனிமேல் இவர் தூங்கிவிடுவார் என்று நினைத்தேன். நீர் டீயைத் தொடவில்லை. "இதைக் கேக்க, சாட்சி சொன்ன அந்த அம்மா உயிரோட இல்ல வே" என்றீர். அன்றைக்கும் கண் மூடவில்லை. ஆனால் நுரையைத் துடைத்த பிறகு செய்யது அண்ணாச்சி எழுந்து வந்து, உம் கையைத் தன் இரண்டு கைக்குள் பிடித்துக்கொண்டு நின்றார். அவரும் முதலில் கையை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் பிடித்தார். எனக்கு அதுவே பெருமையாக இருந்தது.

அப்புறம் அந்த ஐப்பசி மழை. ஆற்றில் செந்தண்ணி கரை தொட்டு ஓடுகிறது என்று ஊரே பார்க்கப் போயிருந்தது. கடையில் நீரும் நானும்தான். இடது கன்னம் முடித்துவிட்டு, "வலப்பக்கம் கை வைக்கட்டுமா?" என்றேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். பதில் இல்லை. குனிந்து பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண் மூடியிருந்தது. தோள் இரண்டும் கீழே இறங்கியிருந்தன.

நான் கத்தியை மடக்கிவிட்டு அப்படியே நின்றேன். செய்யது அண்ணாச்சி குடையோடு வந்து, "என்ன வே, பாதியில..." என்று ஆரம்பித்தவர், உம்மைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாங்கினார். குடையை விரித்து வாசலில் நின்று, வந்தவனையெல்லாம் "கடை இல்ல, போங்க லே" என்று தாழ்ந்த குரலில் விரட்டினார். உம் வலது கன்னத்தில் நுரை காய்ந்து வெள்ளையாகப் பொரிந்தது. பஸ் போனது, ஹாரன் அடித்தது. நீர் எழுந்திருக்கவில்லை.

மழை தூறலான பிறகு கண் திறந்தீர். கன்னத்தைத் தடவிப் பார்த்தீர்.

"என்ன வே, பாதி மூஞ்சியோட விட்டுட்டீரு?"

"கேட்டேன். நீர் சரின்னு சொல்லல."

வயிறு குலுங்கச் சிரித்தீர். அத்தனை வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. ஓடிப்போய் மைனிக்கு யார் முதலில் சொல்வது என்று எனக்கும் செய்யது அண்ணாச்சிக்கும் போட்டி. குடை இருந்ததால் அவர் ஜெயித்தார்.

அதன் பிறகும் ஒரு தடவை அந்த நாடுகளுக்குப் போய்த்தான் வந்தீர். நெஞ்சு பலவீனம் என்று டாக்டர் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. நீர் எங்களை விட்டுப் போன அன்று வீட்டு முற்றத்தில் உமக்குச் சவரம் செய்தேன். முன்னால் உட்கார்ந்து, "கை வைக்கட்டுமா?" என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பதில் இல்லாமல் தொடுவதில்லை என்ற சட்டத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கத்தியோடு உட்கார்ந்திருந்தேன். தலைமாட்டில் இருந்த மைனி புரிந்துகொண்டார்கள். "வைங்க அண்ணாச்சி" என்றார்கள். வைத்தேன்.

நாற்காலி இன்னும் ரோட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது. கண்ணாடிப் பக்கம் திருப்ப வேண்டும் என்று மகன் சண்டை பிடித்தான், நான் விடவில்லை. ஆனால் அவனும் இப்போது கேட்டுவிட்டுத்தான் தொடுகிறான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவனாகவே எடுத்துக்கொண்டான். நெட்டி வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறோம். வேண்டும் என்பவர்களும் உண்டு, வேண்டாம் என்பவர்களும் உண்டு. வேண்டாம் என்பவர்களிடம் ஏன் என்று கேட்பதில்லை.

இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது முன்பின் தெரியாத ஒருவர் வந்தார். உட்கார்ந்தார். யார், எவர், எங்கே என்ன பார்த்துவிட்டு வந்தார் என்று எனக்குத் தெரியாது. பென்சிலை வைத்துவிட்டு எழுந்து, முன்னால் போய்க் கையைக் காட்டிக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு "ம்" என்றார். ஏறி நின்ற தோள் இரண்டும் பைய இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தேன்.