ஈரத்தோடு சுருட்டிய பந்தல்

குவார்ட்சைட், அரிசோனா
ஜனவரி, செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய ஹார்லனுக்கு,

ஓபல் எழுதுவது. இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. மொன்டானாவில் பனி ஜன்னல் மட்டத்துக்கு ஏறிவிட்டதாக மார்லா சொன்னாள். மகள் வீட்டில் கதகதப்புக்குக் குறைவிருக்காது என்று நம்புகிறேன். உப்பைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னதைக் கேளுங்கள்.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. இந்தக் கடிதம் குளிர்காலமெல்லாம் நீங்கள் குடியிருந்த உங்கள் வண்டியைப் பற்றியது.

கிறிஸ்துமஸுக்கு முன்பு மார்லா போன் செய்தாள். "அப்பா இனிமே பாலைவனத்துக்கு வரமாட்டாரு ஆன்ட்டி. வண்டிய நீங்களே நல்ல ஆளாப் பாத்துத் தள்ளிவிட்டுடுங்க" என்றாள். அவரிடம் போனைக் கொடு என்றேன். "கொடுத்தா கைய ஆட்டிடுறாரு. வாய் குழறுதுன்னு யார்கிட்டயும் பேசறதே இல்ல" என்றாள். சரியம்மா என்று வைத்துவிட்டேன். விற்பது என் தொழில். காரின் டிக்கியில் மடக்கு நாற்காலிகளைப் போட்டு விற்க ஆரம்பித்தவள் நான். யார் எதை விற்கச் சொன்னாலும் முதலில் பொருளைப் போய்ப் பார்ப்பேன். உங்கள் வண்டியையும் பார்த்தேன்.

என் கடைக் கூடாரத்துக்குப் பின்னால் விட்ட இடத்தில்தான் நிற்கிறது. எஞ்சின் முதல் சாவியிலேயே உறுமியது. டயரில் குறையில்லை. உள்ளே எலி வரவில்லை. பிறகு வண்டியின் பக்கவாட்டில் சுருண்டிருந்த துணிப் பந்தலை இழுத்தேன். பாதி வந்ததும் ஈரக் கோணிப்பை நாற்றம் அடித்தது. உருளையை ஒட்டிய பகுதி முழுக்கக் கறுப்புப் பூசணம். இன்னும் கொஞ்சம் இழுத்தேன். நனைந்த அட்டைப்பெட்டி போலச் சத்தமே இல்லாமல் கிழிந்தது.

காரணம் சொல்லத் தேவையில்லை. போன மார்ச்சில் பக்கவாதம் வந்து உங்களை ஆம்புலன்ஸில் ஏற்றியபோது மழையும் காற்றும் ஒன்றாக வந்தன. காற்று எழும்பினால் பக்கத்தில் இருப்பவர் பந்தலைச் சுருட்டிவிடுவது நம் குளிர்கால முகாமின் வழக்கம். யாரோ சுருட்டினார்கள். நல்லதற்குத்தான் செய்தார்கள். மறுநாள் வெயிலில் விரித்துக் காயவைத்து மறுபடி சுருட்ட வேண்டும் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. அன்று எல்லோரும் உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம் கோடை முழுவதும் அது உள்ளேயே வெந்திருக்கிறது.

கிழிந்த பந்தலோடு வண்டியைக் காட்டினால் வாங்க வருபவன் கூரையிலிருந்து பிரேக் வரைக்கும் சந்தேகப்படுவான். அதனால் புதுத் துணி போட்டேன். சாம்பல் நிறம். நீங்கள் திட்டுகிற பச்சைக்கோடு இல்லை.

பந்தல் துணியை நான் விற்பேன், நீங்கள் மாட்டுவீர்கள் என்று இத்தனை குளிர்காலம் ஓடியது. இந்த வருடம் மாட்டுவதற்கு ரேபர்னைப் பிடித்திருக்கிறேன். ஒஹையோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர், பக்கத்து வரிசையில் மஞ்சள் நாயோடு இருப்பாரே, அவர்தான். மனது தங்கம். வாய்க்குத்தான் பிரேக் கிடையாது. பூட்டுப் பின்னைச் செருகாமலே உருளையின் முனைத் திருகைக் கழற்றப் போனார். ஸ்பிரிங் அவிழ்ந்தால் மணிக்கட்டு போய்விடும் என்று கத்தினேன். "ஏம்மா ஓபல், அறுபது வாண்டுங்கள வச்சு பஸ் ஓட்டுனவன் நான். ஒரு ஸ்பிரிங் என்னைய என்ன பண்ணிடும்?" என்றார். "வாண்டுங்க கடிச்சா தழும்புதான் இருக்கும். இது கடிச்சா கரண்டி பிடிக்க முடியாது" என்றேன். முறைத்துக்கொண்டே பின்னைச் செருகினார்.

பிறகு உருளையில் துணி நுழையும் காடியின் வாயை அரம் போட்டு மழுக்கினேன். அங்கே கூர்மை இருந்தால் புதுத் துணியின் ஓரத்தை அறுத்துவிடும் என்று நீங்கள் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். சோப்புத் தண்ணீர் தடவி, நான் ஏணியில் நின்று துணியை நுழைக்க, ரேபர்ன் அந்தப் பக்கம் இழுத்தார். இழுக்க ஆள் கிடைக்கிறது ஹார்லன். கோணலாக நுழைக்கிறாய் என்று கீழே நின்று திட்டத்தான் ஆள் இல்லை. இரண்டு தடவை கோணலாகவே போயிற்று.

பெட்டியில் மடிந்திருந்த துணியாதலால் சுருக்கம் போக ஒரு நாள் முழுக்க வெயிலில் விரிந்திருக்க வேண்டும். காற்றும் இல்லை. விரித்து விட்டுவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்தேன். அங்கேதான் பிசகு நடந்தது. விரித்த பந்தலைப் பார்த்தால் நம் ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

முதலில் டாட்டி வந்தாள், ஒரு சட்டி அவரைக்காய்க் குழம்போடு. "எங்க அந்தக் கிழவன்? வந்தவன் ஒரு குரல் குடுக்க மாட்டானா?" என்று வண்டிக் கதவைத் தட்டினாள். பிறகு ஒவ்வொருவராக நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மீன்பிடிக்காரர் பெர்ல் உங்களுக்கென்று எடுத்துவைத்திருந்த தொப்பியைக் கொண்டுவந்தார். ஹார்லன் வரவில்லை, துணிதான் மாற்றினேன் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். வாடிக்கையாளருக்கு "சரக்கு தீர்ந்துபோச்சு" என்று சொல்லத் தெரிந்த வாய்க்கு இது கடைசிவரை பழகவில்லை. ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை. வந்தது வந்தோம் என்று நிழலில் உட்கார்ந்து குழம்பைச் சாப்பிட்டார்கள். உங்கள் நாற்காலி இருக்கும் இடத்தில் யாரும் நாற்காலி போடவில்லை. நானும் போடவில்லை.

அந்த நேரம் பார்த்து வண்டி பார்க்க ஆள் வந்தது. ஐயோவாவிலிருந்து ஒரு தம்பதி. கணவருக்கு இப்போதுதான் பணி ஓய்வு. அவர் எஞ்சினைக்கூடத் திறக்கவில்லை. அந்த அம்மாள் பந்தலுக்கடியில் இருந்த கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்களுக்கு இங்க ஒருத்தரையும் தெரியாதுங்க. இந்த வண்டின்னா வந்து உக்கார மனுஷங்க இருப்பாங்க போல" என்று கணவரின் காதில் சொன்னார், எனக்கும் கேட்டது. கேட்ட விலைக்குப் பேரம் பேசாமல் தலையாட்டினார்கள். நல்ல மனிதர்கள். துணியை எப்படிக் கழுவுவது என்று அந்த அம்மாள் கேட்டார். முதலில் உலர்ந்த தூசியைத் தட்டிவிட்டுப் பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திர சோப்பு போட்டு, மென்மையான துடைப்பத்தால் தேய்க்க வேண்டும், பிளீச்சிங் பக்கத்திலேயே வரக்கூடாது, மழை பெய்தால் பந்தலின் ஒரு காலைத் தாழ்த்திவைத்துத் தண்ணீரை வடிய விட வேண்டும் என்று சொன்னேன். கையெழுத்துப் போடும் முன்பே பராமரிப்பு கேட்கிறவர்களுக்குப் பொருளைக் கொடுக்கலாம். அப்படிப்பட்டவர்கள் வருவது அபூர்வம்.

அவர்களைத்தான் நான் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி அனுப்பினேன்.

ரேபர்ன் பின்னாலேயே வந்து, "தானா வந்து விழுந்த கிராக்கிய திருப்பி அனுப்புறியே, உனக்குப் புத்தி கிறுக்கா?" என்றார். ஆவணம் சரிபார்க்க வேண்டும் என்றேன். ஆவணத்தில் ஒரு சிக்கலும் இல்லை. அது உங்களுக்கும் தெரியும்.

மார்லாமேல் எனக்குக் கோபம் இல்லை. உங்களை அவள் பார்க்கும் விதத்தில் பார்த்தால் நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் என் கடையில் மனைவி அளவு சொல்லிக் கணவர் பெயருக்கு வாங்கும் துணியைக்கூட நான் கணவரைக் கேட்காமல் வெட்டியதில்லை. வெட்டிய துணி ஒட்டாது. அதேபோலத்தான் இதுவும். விற்கச் சொல்லி இதுவரை நான் கேட்டதெல்லாம் உங்கள் மகளின் குரல். உங்கள் குரல் இல்லை.

குழறினால் குழறட்டும். மெக்சிகோக்காரர்கள், கனடாவின் பிரெஞ்சுக்காரர்கள், பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வரும் கிழவர்கள் எல்லோரிடமும் வியாபாரம் செய்தவள் நான். பாதிப் பேச்சை வைத்து முழு அளவையும் எடுத்துவிடுவேன். போன் வேண்டாமென்றால் எழுதுங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் உங்கள் கையால் இருக்கட்டும். விற்றுவிடு என்று எழுதினால் ஞாயிற்றுக்கிழமையே சாவியைக் கொடுத்துவிடுவேன். என்னைவிடக் கச்சிதமாக இதை முடிக்க இந்தப் பாலைவனத்தில் ஆள் இல்லை. விற்காதே என்று எழுதினால், பஸ் நிலையத்துக்கு நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். வண்டியின் படிக்கு ஒரு கைப்பிடி அடிக்க ரேபர்னுக்குத் தெரியுமாம். சொன்னார்; நான் நம்பவில்லை; பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வேன்.

'பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும்' என்று கடைசியில் ஒரு வரி சேர்ப்பது வியாபாரக் கடித வழக்கம். எழுதப் பேனாவை எடுத்தேன். மனம் வரவில்லை. உங்களிடமிருந்து பதில் வராவிட்டால், பதில் வரவில்லை என்று மட்டும்தான் எடுத்துக்கொள்வேன். ஐயோவாக்காரர்களை அடுத்த ஞாயிறு வரச் சொல்வேன். அதற்கடுத்த ஞாயிறும் சொல்வேன்.

உங்கள் வலது கைக்குக் கடவுள் பலம் கொடுக்கட்டும். அதற்குள் இடது கையால் எழுதப் பழகுங்கள்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
ஓபல் ஸ்ட்ராட்