அப்பாவின் முதுகு

ஆம்பூர்
ஜூலை 20, ஞாயிறு

அன்பு மகள் நந்தினிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரன் பூவரசனும் சிங்கப்பூரில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. கடிதத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. போனில் நாலு தடவை பேசிப் பதிவு செய்து நாலு தடவையும் அழித்துவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

தை மாதம் அப்பாவுக்கு வாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தபோது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் அவர் உடம்பு உனக்குத் தெரியும், ஈரத் தோல் கட்டுகளைத் தூக்கிப் போட்ட உடம்பு. ஒற்றை ஆளாகப் புரட்டினால் கட்டிலிலிருந்து விழுந்துவிடுவாரோ என்று பயந்து மல்லாக்கவே விட்டுவிட்டேன். இடுப்புக்குக் கீழே சுத்தம் செய்வேன், பனியனைக் கழற்றியதில்லை. மாசிக் கடைசியில் நீ போனில் முதுகைப் பார்த்தியாம்மா என்று கேட்டாய். பார்த்தேன், சுத்தமா இருக்குது என்றேன். நான் பார்க்கவே இல்லை நந்தினி. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

பங்குனியில் வீட்டில் ஒரு வாடை வந்தது. முப்பத்தோரு வருஷம் டேனரியில் தோல் ஊறும் தொட்டியில் நின்றவரோடு குடித்தனம் நடத்தியவள் நான். அவர் லுங்கியைத் தனியாகத் துவைத்துத் தனிக் கொடியில் போட்டுப் போட்டு அந்த வாடை எனக்கு வாடையாகவே தெரியாமல் போய்விட்டது. இதுவும் அவர் உடம்பில் ஊறின பழைய வாடைதான், இல்லாவிட்டால் காற்று டேனரிப் பக்கமிருந்து அடிக்கிறது என்று நினைத்துச் சாம்பிராணி போட்டேன். பத்து நாள் போட்டேன். அந்தப் பத்து நாளும் நான் போகிற பக்கமெல்லாம் அவர் கண் என் பின்னாலேயே வந்தது. முனகுவார். ஏன் இப்டி பேஜார் பண்றீங்க என்று திட்டினேன். வாய் பேச முடியாத மனுஷனைத் திட்டினேன்.

ரம்ஜான் அன்று பக்கத்து வீட்டு உமைமா, ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டுகிறாளே அவள்தான், பிரியாணி கொண்டு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அக்கா, இது தோலு வாடை இல்லக்கா" என்றாள். இரண்டு பேருமாகப் புரட்டினோம். பனியன் முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

மறுநாள் அவள்தான் சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் ஜோதியைக் கூட்டி வந்தாள். அந்தப் பெண் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, திட்டியிருந்தால் தேவலை. நீங்க கடைசியா எப்பக்கா முழுசா தூங்குனீங்க என்று மட்டும் கேட்டாள். புண்ணுக்குக் கட்டுப் போடக் கற்றுக்கொடுத்தாள். படுக்கையில் கிடப்பவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் புதன்கிழமைதோறும் நிலையத்தில் கூடுகிறார்களாம், அங்கேயும் என்னைச் சேர்த்துவிட்டாள். அந்த நேரம் உமைமாவின் மாமியார் அப்பாவிடம் உட்கார்ந்துகொள்கிறார். அங்கே மஹபூப் பாஷா என்று ஒருவர், ஆறு வருஷமாக மனைவியைப் பார்க்கிறார். பழைய போர்வையை நாலாக மடித்து உடம்புக்குக் கீழே போட்டு அதைப் பிடித்து இழுத்தால் ஒற்றை ஆளே புரட்டலாம் என்று தானே தரையில் படுத்துக் காட்டினார். இவ்வளவுதானா என்று கேட்டு நான் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். "எனக்கும் யாரும் சொல்லலம்மா, அவளுக்குப் புண்ணு வந்தப்புறம்தான் கத்துக்கினேன்" என்றார்.

போன வாரம் புண் முழுசாக மூடிவிட்டது. எனக்கு மட்டும் வாடை போகவில்லை. சோறு வடிக்கும்போது வருகிறது, தலை வாரும்போது வருகிறது. உமைமாவைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னால் ஒண்ணும் இல்லக்கா என்கிறாள். அப்பா கண்ணும் இன்னும் என் பின்னால்தான் வருகிறது. மன்னித்துவிட்டாரா, காவல் இருக்கிறாரா, தெரியவில்லை.

எங்க அம்மா அப்பாவைத் தங்கமாப் பாத்துக்கிறாங்க என்று நீ எல்லோரிடமும் சொல்வதாக மாப்பிள்ளை சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் உன்னிடம் சொல்லிவிட உட்கார்ந்தேன். என்மேல் கோபப்படு, ஆனால் பதறி ஓடி வராதே. பூவரசனுக்கு ஏசி காற்று நேராகப் படாமல் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

உங்கள் மூவருக்கும் எங்கள் இருவரின் ஆசீர்வாதம், அப்பா இடது கையைத் தூக்கிக் காட்டுகிறார். ஒன்று மட்டும் மறக்காதே. இனி வீடியோவில் வரும்போது அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு வைத்துவிடாதே. முதுகைக் காட்டச் சொல். நான் என்ன சாக்குச் சொன்னாலும் விடாதே.

உன் அம்மா
க. செல்லம்மாள்