அண்ணன் போட்ட சம்பளம்

3 ஜூலை 1962, செவ்வாய், சிங்கப்பூர்

டைப்பிஸ்ட் வேலை கிடைத்துவிட்டது. மாதச் சம்பளம் நூறு வெள்ளி.

நூற்றைம்பது கேட்பதற்காக ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று ஆங்கிலத்தில் சொல்லிப் பழகியிருந்தேன். கம்பெனியில் வெள்ளைக்காரத் துரைதான் பேசுவார் என்று நினைத்தேன். உள்ளே இருந்ததோ நெற்றியில் திருநீறு பூசிய தலைமைக் கிளார்க்.

“அப்பாவுக்கு எந்த ஊரும்மா?” என்றார். சொன்னேன். “அட, நம்ம பக்கம்தான்! சார்னு சொல்லாதே, அண்ணேனு கூப்பிடு. சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறே?”

அண்ணனிடம் எப்படிப் பேரம் பேசுவது? “நீங்களே பார்த்துப் போடுங்கண்ணே” என்று சொல்லித் தொலைத்தேன். “இதான் நம்ம பிள்ளை!” என்று பூரித்துப்போய் நூறு என்று எழுதினார். அவ்வளவு பாசமாகக் குறைத்தவரிடம் கோபப்படவும் வழியில்லை.

சிராங்கூன் ரோட்டு வீட்டுக்குத் திரும்பினால், என்னைப் போல் அங்கே அறை வாடகைக்கு இருக்கும் எல்லாரும் இனிப்பு எங்கே என்றார்கள். வாங்கிக் கொடுத்தேன். எவ்வளவு சம்பளம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது கண்ணாடி முன் நின்று, “நூத்தம்பது வேணும்ணே” என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து அறை மேரி அக்கா குரல் கொடுத்தார்.

“யாரு வந்திருக்கா?”

“யாரும் இல்லக்கா.”