மந்திரித்த சீரம்

தூத்துக்குடி,
தவக்காலம், நான்காம் வாரம்.

அன்பு மகள் சுஜிதாவுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் காவலில் இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், அங்கே டப்ளின் குளிரில் நீயும், உன் ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கும் மாப்பிள்ளை டெரன்ஸும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். இந்த வீட்டில் சுகமில்லாதது என் முகம் ஒன்றுதான். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனிலேயே பேசியிருக்கலாம், ஆனால் பிடிக்காத பேச்சு வந்தால் உடனே உனக்கு டவர் போய்விடும், கடிதத்துக்கு அந்த வசதி கிடையாது.

ஈஸ்டர் முடிந்ததும் உனக்குக் கல்யாணம், கோவில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் உன் கையைப் பிடித்து நான் கூட்டிப்போக வேண்டும், அதற்குள் அப்பாவின் முகத்தை எப்படியாவது தேற்றிவிடலாம் என்று நீ அனுப்பிய சீரம் வந்து சேர்ந்தது. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பஞ்சு மாதிரி என்னவோ, அதற்குள் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு பாட்டில். புனிதரின் எலும்பைக்கூட இவ்வளவு பத்திரமாக வைக்க மாட்டார்கள். கூட வந்த காகிதத்தைப் படிக்க உன் மாமா பெனிஸ்டனை வரவழைத்தோம். கிளியரிங் ஆபீசில் கப்பல் சரக்குக் காகிதங்களைப் படித்துப் படித்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவன் அல்லவா, ஒரு வரி விடாமல் படித்தான். அத்தான், இதுக்குள்ள உசுரோட பாக்டீரியா இருக்குதாம், தயிர்ல இருக்குமே அந்த மாதிரி நல்ல கிருமி, ராத்திரி முகத்தக் கழுவிட்டு நாலு சொட்டு பூசிட்டுப் படுத்தா அது தோலுக்கு ஈரம் குடுக்குமாம், ஃபிரிட்ஜுல வைக்கணுமாம், வேற எதையும் இதுல கலக்கக்கூடாதாம் என்றான். இருபத்தெட்டு வருஷம் சரக்குத் தோணிக்குத் தலைவனாக, தண்டலாக இருந்து, கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சுக்கான் பிடித்து, அலை அடிக்கிற அடியில் காலமெல்லாம் நனைந்து கிடந்த முகம் இது. இதற்கு ஈரம் போதவில்லை என்று நீ அயர்லாந்தில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறாய். படிக்க வைத்தது வீண்போகவில்லை.

இருந்தாலும் மகள் அனுப்பியது என்று பூச ஆரம்பித்தேன். உன் அம்மா தவக்காலம் என்று பூவையும் பவுடரையும் விட்டுவிட்டாள், நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடி பார்த்து முகத்துக்குச் சொட்டு விடுகிறேன். ஜெபமாலை சொல்லிக்கொண்டே ஒரு கண்ணால் என்னைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்புக்கு அவள்தான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கன்னம் கொஞ்சம் வழுவழு என்று இருந்தது, அவ்வளவுதான். கொஞ்ச நாள் போனதும் அதிலிருந்து ஒரு வாடை கிளம்பியது. மூடி வைத்து மறந்துபோன இட்லி மாவைத் திறந்தால் வருமே, அது. ஏளா அல்போன்சா, இது கெட்டுப்போச்சா என்றேன். அதெல்லாம் ஃபாரின் சென்ட்டு அப்படித்தான் இருக்கும், உங்களுக்கு மீன் வாடையத் தவிர வேற என்ன தெரியும் என்று என் வாயை அடைத்துவிட்டாள். நானும் நம்பினேன். தலையணை உறையைத் தனியாக ஊறப்போட வேண்டியதாயிற்று. காலையில் டீக்கடைக்குப் போனால் என் பெஞ்சில் இடம் தாராளமாகக் கிடைத்தது.

இந்த நிலைமையில்தான் போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்தாய். அப்பா, முகத்தைக் கொஞ்சம் வெளிச்சத்தில் காட்டுங்கள், ஆகா, நல்ல க்ளோ வந்திருக்கிறதே, பார்த்தீர்களா நான் சொன்னேன் அல்லவா என்று கை தட்டினாய். கரண்ட் போய் ஃபேன் நின்று அரைமணி நேரம் ஆகியிருந்தது மகளே, நீ பார்த்த க்ளோ வேர்வை. சொல்லலாம் என்று வாயெடுத்தேன், உன் சந்தோஷத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

மறுநாள் பெனிஸ்டன் வந்தான், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கைப் பொத்தினான். ஃபிரிட்ஜைத் திறந்து பாட்டிலை எடுத்துப் பார்த்தான், மேலே தண்ணீரும் அடியில் வெள்ளையாக மண்டியும் தனித்தனியாக நின்றது. அக்கா, இதுல என்னத்த ஊத்துன என்று அவன் கேட்டான், அவளுக்கு முகம் செத்துவிட்டது. நம் ஜனத்தின் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, புது வலையோ புது இன்ஜினோ தீர்த்தம் தெளிக்காமல் கடலில் இறங்காது, காய்ச்சல் மருந்தில்கூட உன் அம்மா ஒரு சொட்டு விடாமல் யாருக்கும் கொடுத்ததில்லை. சீரம் வந்த அன்றே அதைத் திறந்து, கோவிலில் உப்புப் போட்டு மந்திரித்த தண்ணீரைக் கழுத்துவரை ஊற்றிக் குலுக்கி வைத்திருக்கிறாள். அக்கா, அந்தப் பாக்டீரியா எல்லாம் அன்னைக்கே மோட்சத்துக்குப் போயிருக்கும் என்று பெனிஸ்டன் தலையில் அடித்துக்கொண்டான். ஆக, உயிருள்ள சீரம் என்று நான் தினமும் பூசிக்கொண்டு படுத்தது அவற்றின் பிரேதத்தை. நானும் அவனும் சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஒரு பாட்டில் போனதற்கு எதற்கு ஏளா அழுகிறாய் என்று கேட்டேன். அப்போதுதான் வெளியே வந்தது. மாப்பிள்ளை வீட்டில், சென்னையில் இருக்கும் சம்பந்தியும் சம்பந்தியம்மாளும், நிச்சயதார்த்தப் போட்டோவில் என் கன்னத்துக் கருந்திட்டுகளைப் பார்த்துவிட்டு, உங்க அப்பாவுக்கு ஏதாவது தோல் வியாதியா, பரம்பரையா வருமா என்று கேட்டார்களாம், நீ அவமானத்தில் குன்றிப்போனாயாம், அப்பாவிடம் சொல்லாதே, இதை மட்டும் பூச வை என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம். கல்யாணத்துக்குள்ள மருந்து சீக்கிரமா கேக்கட்டும்னுதான் தீர்த்தம் ஊத்துனேன் என்று அவள் விசும்பினாள். அவளை என்ன சொல்லித் திட்டுவது.

எனக்கு வலித்தது சுஜி. ஆனால் அன்று எனக்குக் கோபம் உன்மேல் இல்லை, அவர்கள்மேல். கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது நான்தானே என்று சட்டையை மாட்டிக்கொண்டு பெனிஸ்டனின் போனில் சம்பந்தியை வீடியோவில் கூப்பிட்டேன். முகத்தைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், நல்லாப் பாத்துக்கிடுங்க, இது வியாதி இல்ல, வெயில், டாக்டர்கிட்ட காட்டியாச்சு, யாருக்கும் ஒட்டாது, என் மகளுக்கும் வராது என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அந்த மனிதர் திருதிரு என்று முழித்தார். ரிட்டயர் ஆன பேங்க் ஆபீசர், நான் கல்யாண மண்டபத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டேன் என்று நினைத்திருக்கிறார். நாங்க அப்படி எதுவுமே கேக்கலியே சம்பந்தி, யார் சொன்னது என்றார். சமாளிக்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு சம்பந்தியம்மாள் போனை வாங்கி, அண்ணே, நாங்க உங்களப்பத்திக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், ரிசப்ஷன்ல ரெண்டு குடும்பத்துப் போட்டோவும் பெரிய திரையில ஓடப்போகுது, நீங்க தோணி ஓட்டுற மாதிரி ஒரு படம் இருந்தா குடும்மான்னு சுஜிதாகிட்ட கேட்டோம், அப்படி ஒரு படமே இல்லைன்னு சொல்லிடுச்சு என்றார்.

அதற்குமேல் என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. மண்டபத்தைப் பற்றி என்னவோ சொல்லிவிட்டு வைத்தேன். பெனிஸ்டன் போனை வாங்கிக்கொண்டு எழுந்து போய்விட்டான். உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, அவள் சம்பந்தி வீட்டைத் திட்டிக்கொண்டே கருவாட்டைப் புரட்டிப் போடுகிறாள், திட்டட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன், அவர்கள்தான் பாவம். படம் நம் வீட்டில் சுவரில் இருக்கிறது, சட்டை இல்லாமல் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, கன்னங்கரேல் என்று, பல் மட்டும் தெரிய நிற்கிறேனே, அதுதான். நீ ஸ்கூலுக்குப் போன காலமெல்லாம் அதன் கீழே நின்றுதான் தலை வாரினாய். பெனிஸ்டனிடம் சொல்லி நேற்றே அதைப் போட்டோ எடுத்துச் சென்னைக்கு அனுப்பிவிட்டேன். திரையில் ஓடும்போது நீ தண்ணீர் குடிக்க எழுந்து போய்க்கொள்ளலாம்.

உனக்கு இப்படி எழுத என் கைக்குக் கசக்கத்தான் செய்கிறது. குத்திக் காட்டுகிறேன் என்று நினைப்பாய், குத்தத்தான் செய்கிறேன். உனக்கு என் முகம் பிடிக்கவில்லை என்பதைக்கூடத் தாங்கிக்கொள்வேன், எனக்கே சில நாள் ஷேவ் செய்யும்போது பிடிப்பதில்லை. கேட்காத கேள்வியை நல்ல மனிதர்கள் தலையில் கட்டி, உன் அம்மாவை அழவைத்து, என்னைப் பாட்டிலோடு உட்காரவைத்தாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. கல்யாணத்தன்று கோவில் வாசலில் நான் நிற்பேன், ஒன்றும் பூசாமல் நிற்பேன். என் கையைப் பிடித்து நடக்க உனக்குக் கூச்சமாக இருந்தால் சொல்லிவிடு, பெனிஸ்டன் தாய்மாமன், அவன் கூட்டிப்போகட்டும், வெளுத்த மேனிக்காரன், போட்டோவில் நன்றாக விழுவான். நான் முன் பெஞ்சில் உட்கார்ந்து உனக்காக மனதார ஜெபிப்பேன், ஒருவரிடமும் காரணம் சொல்ல மாட்டேன். ஆனால் அதை உன் அம்மா வழியாகவோ சம்பந்தி பெயரிலோ சொல்லாதே. என்னிடம் சொல்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. ராத்திரி டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. ஆண்டவர் உன்னையும் டெரன்ஸையும் எல்லாத் தீங்கிலிருந்தும் காத்து, ஒரு குறையும் இல்லாமல் வாழவைக்கட்டும், இதை நான் கேலியாக எழுதவில்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, இந்தக் கடிதம் கிடைத்ததும் சம்பந்தியையும் சம்பந்தியம்மாளையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிடு, அதற்குப் போன் போதும். என்னிடம் கேட்பதாக இருந்தால் நேரில் வந்து என் முகத்தைப் பார்த்துக் கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா
பவுல்