நாக்கடியில் வைத்த மாத்திரை

புதன்கிழமை, இரவு.

காலையில் தோட்டத்தில் செம்பனைப் பழக் குலை தலையில் விழுந்து என் வீட்டுக்காரர் நினைவிழந்து கிடந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவருடைய அண்ணன், தோட்டத்து கிளினிக்கில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெசராக இருந்த பெரிய மேதை, பிரஷர் பார்த்தார். "ஏறிக் கிடக்குலா!" என்று பிரஷர் மாத்திரையைத் தம்பி நாக்கடியில் வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கத்தினார். "அடிபட்ட மூளைக்கு ரத்தம் போகணும்னுதான் உடம்பே பிரஷரை ஏத்துது. அத ஏன் இறக்குனீங்க? யாரோட மாத்திரை அது?"

"என்னோடதுதான் டாக்டர்" என்றார் அந்த மேதை.

வீட்டுக்காரர் இன்னும் கண் திறக்கவில்லை. அந்த ஆள் மூஞ்சியைப் பார்த்தாலே எனக்கு எரிகிறது.

மாத்திரை என்னுடையது. அந்த ஆள் கேட்கக்கூட இல்லை, நானேதான் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். எனக்காகப் பொய் சொல்லச் சொல்லி நான் கேட்டேனா?