நிலா எண்ணிய காயில்

வியாழக்கிழமை. விடாத மழை.

வாரம் முழுக்க என்னைப் படுத்தியது இன்று பிடிபட்டது. என் ஆராய்ச்சிக்காகக் கம்பி சுற்றிய ஒரே மாதிரி காயில்களையும் கெப்பாசிட்டர்களையும் வரிசையாகக் கோத்து வைத்திருக்கிறேன். ஒரு வேகத்துக்கு மேற்பட்ட மின் அதிர்வை அந்த வரிசை உள்ளே விடாது. ஆனால் அப்படி ஓர் அதிர்வு நடுவில் ஒரே ஒரு காயிலில் மட்டும் பொங்கி நின்றது. இரண்டு பக்கமும் தள்ளிப் போகப் போக அடங்கிவிட்டது. சால்டரிங்கைத் திட்டினேன், மீட்டரைத் திட்டினேன். கடைசியில் அந்தக் காயிலைக் கழற்றி அளந்தேன். சுற்று குறைவு.

சுற்றியது இவர். போசரி மோட்டார் பட்டறையில் இவர் வேலையே காயில் சுற்றுவதுதான், கை தப்பாது. கேட்டதும் விழித்தார், பிறகு சிரித்தார். அந்த ஒன்றுக்கு மட்டும் நிலா மடியில் உட்கார்ந்து எண்ணினாளாம். எங்கள் மூன்று வயது மகளுக்கு ஆறுக்கு அடுத்தது எட்டு. அவள் பத்து சொன்னபோதெல்லாம் இவரும் பத்துச் சுற்று ஆனதாக நம்பி, கணக்குக்கு ஒரு தீக்குச்சி எடுத்து வைத்திருக்கிறார்.

"அதத் தூக்கிப் போட்டுரு, வேற சுத்தித் தாரேன்" என்றார்.

வேண்டாம் என்றேன். அடுத்த மாதம் நானே வேண்டுமென்று ஒரு மாறுபட்ட காயிலை நடுவில் வைத்து அதிர்வு இப்படி ஓரிடத்தில் பொங்கி நிற்பதைத்தான் தேடுவதாக இருந்தேன். இவளுடையது இருக்க வேறு எதற்கு?

ராத்திரி சப்பாத்தியைப் பிய்த்து வைத்து, "ஆறு, ஏழு" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம். ஸ்கூலுக்குப் போனால் தானாகத் திருத்திக்கொள்ளப் போகிறாள். அதுவரை இந்த வீட்டில் ஆறுக்கு அடுத்தது எட்டுதான்.