துரைக்கு வந்த மருந்து

அன்பு மகள் சாந்திக்கு,

ஏற்காட்டிலிருந்து அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம், நீ மஸ்கட்டில் நலமாக இருக்க சேர்வராயன் துணை. வீட்டில் எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், 'எல்லாரும்' என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. வாரத்துக்கு மூன்று தடவை போனில் முகம் பார்த்துப் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் எனக்குப் பொய் சரளமாக வருகிறது கண்ணு, காகிதத்தில் வராது. முப்பத்து நான்கு வருஷம் எஸ்டேட் ரைட்டராக ஆள் வருகைக் கணக்குப் பார்த்தும் வேலைக்கு வராத ஆளின் பேரை ஒரு நாளும் செக்ரோலில் எழுதியதில்லை என்று சொல்லிச் சொல்லி உன் காதைப் புண்ணாக்கியிருக்கிறேன். அந்தக் கைதானே, எழுத உட்கார்ந்தால் உண்மையைத்தான் எழுதும் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் நல்ல மழை, காப்பி பூத்து ஊரே மணக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, எண்ணெய் தடவிக்கொண்டு என்னைத் திட்டுகிறாள், இரண்டாவதில் கொஞ்சம் நிவாரணம் கிடைக்கிறது போல. கருப்பண்ணன் சித்தப்பா குப்பனூர் வழியாக பஸ் விடுவதைப் பற்றி மூன்றாவது மனு கொடுத்திருக்கிறார். நேற்று உன் பார்சல் வந்தது. துரைக்கு நீ சென்னைக் கடையில் சொல்லி அனுப்பிய மருந்து. மேலே ஒட்டியிருந்த சீட்டில் 'பெயர்: துரை, வயது: ஏழு, வால் வெளுத்துவிட்டது, இளைத்துவிட்டான், பத்து லிட்டருக்கு ஒரு மூடி' என்று இருந்தது. இரண்டு நைட் டூட்டிக்கு நடுவில் தூங்காமல் யார் யாரையோ விசாரித்து வாங்கினாய் என்று அம்மா சொன்னாள். அந்த டப்பாவைப் பிரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை, பிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன், அந்தப் பக்கம் போகும்போது வேறு எங்கோ பார்த்துக்கொண்டு போகிறேன்.

துரை இல்லை கண்ணு. தை மாதமே செத்துப்போனான். நான்தான் கொன்றேன்.

நடந்ததைச் சொல்கிறேன். கார்த்திகையில் நீ உங்கள் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் இருக்கிற கடல் மீன் தொட்டியைப் படம் எடுத்து அனுப்பி, டூட்டி முடிந்ததும் இதன் முன்னால் பத்து நிமிஷம் உட்கார்ந்தால்தான் மனசு ஆறுகிறது என்று எழுதியிருந்தாய். சித்திரை லீவில் நீ வரும்போது நம் வீட்டிலேயே கடல் மீன் இருக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். இது பாதி உண்மை. மீதிப் பாதி, ஸ்தனிஸ்லாஸ் வாத்தியார் வீட்டு ஆர்க்கிட் கொட்டகையைப் பார்க்க லாட்ஜில் தங்குகிறவர்கள் எல்லாம் வருகிறார்கள், நம் வீட்டு வாசலில் வழி கேட்டுவிட்டு அங்கே போகிறார்கள். மூன்று வருஷமாக நானும் வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சேலத்தில் மீன் கடை லாசரிடம் போய், நம் தங்கமீன்கள் துரையும் துரைசாணியும் இருக்கிற நல்ல தண்ணீர்த் தொட்டியை உப்புத் தண்ணீர்த் தொட்டியாக மாற்ற வேண்டும் என்றேன். அவன் மரியாதையாகத்தான் சொன்னான். "ஏனுங்க ரைட்டரையா, மொதல்ல பழைய மீன வெளிய எடுத்துருங்க. அடியில கெடக்கற கல்லு, மண்ணு எல்லாம் மாத்திப்போட்டு, இந்தக் கடலுப்ப மட்டும் கரைச்சு, ஒரு மாசம் வெறுந்தண்ணியா ஓட உடுங்க. அவசரப்பட்டா ஒண்ணுந் தங்காதுங்க." தலையை ஆட்டிவிட்டு உப்பு மூட்டையோடு பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றும் திரும்பத் திரும்ப எனக்கு யோசனை பெருகிக்கொண்டே வந்தது. நம் பாட்டன்மார் கீழ்நாட்டு வெயிலிலிருந்து ஏறி வந்தவர்கள்தானே, முதல் வருஷம் குளிரில் விறைத்தார்கள், இரண்டாம் வருஷம் கம்பளி போர்த்தினார்கள், மூன்றாம் வருஷம் மலைக்காரர்கள் ஆகிவிட்டார்கள். மனிதனுக்குப் படிப்படியாகப் பழகுகிறது என்றால் மீனுக்கு ஏன் பழகாது என்று நினைத்தேன். இதை உன் அம்மாவிடம் விளக்கினேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, "ஏனுங்க, அந்த மொத வருசம் எத்தன பேரு செத்தாங்கன்னு உங்க தாத்தன் சொல்லலீங்களா?" என்று கேட்டாள். படிக்காதவளுக்கு இதெல்லாம் புரியாது என்று நான் சொன்னதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டு மீனையும் உள்ளே விட்டபடியே, நாளுக்கு ஒரு கைப்பிடி உப்பு. செக்ரோல் மாதிரியே நோட்டில் கட்டம் போட்டேன், தேதி, உப்பு, துரை, துரைசாணி. முதல் ஐந்து நாள் இரண்டு பேரும் ஆஜர். ஏழாம் நாள், துரை சோம்பல் என்று எழுதியிருக்கிறேன். ஒன்பதாம் நாள் துரைசாணி பக்கவாட்டில் சாய்ந்து நீந்தினாள். உன் அம்மா சல்லடையைக் கொண்டு வந்து அவளை அள்ளி, பின்னால் மழைத்தண்ணீர் பிடிக்கிற சிமென்ட் தொட்டியில் விட்டாள். துரையையும் அள்ள வந்தாள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன், ஒருத்தனாவது உள்ளே இருந்தால்தான் இத்தனை நாள் பாடுபட்டது வீணாகாது என்றேன். இதைத்தான் உன்னிடம் சொல்ல முடியாமல் இரண்டு மாதமாகத் திண்டாடுகிறேன். தெரியாமல் செய்த தப்பு ஒன்பதாம் நாளோடு முடிந்துவிட்டது. மீதி மூன்று நாள் தெரிந்தே செய்தது. பன்னிரண்டாம் நாள் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. சில்வர் ஓக் மரத்தடியில் அம்மாதான் புதைத்தாள், என்னைப் பக்கத்தில் வர வேண்டாம் என்றுவிட்டாள்.

தொட்டிக்குப் பக்கத்தில் நீ ஒட்டிவிட்டுப் போன தாளில் எட்டு விதி எழுதியிருந்தாய். எஸ்டேட்டில் துரைமார் அனுப்பிய சர்க்குலரை எல்லாம் மனப்பாடம் செய்தவன், உன் தாளைத் துரை செத்த பிறகுதான் முழுசாகப் படித்தேன். எட்டாவது விதி, 'சந்தேகம் வந்தால் என்னைக் கேளுங்கப்பா.' எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அப்புறம் மூன்றாம் நாள் லாசரிடமே போய்த் துரை அளவில் ஒரு தங்கமீன் வாங்கி வந்து சிமென்ட் தொட்டியில் விட்டேன். பெரிய தொட்டியைக் கழுவுகிறோம் என்று உன்னிடம் சொல்லி, போனில் அவனைக் காட்டினேன். வாலில் இருந்த கறுப்புப் புள்ளி எங்கேப்பா என்று நீ கேட்டாய். மனிதனுக்கு முடி நரைக்கிற மாதிரி என்றேன். நீ சிரிக்கவில்லை, கவலைப்பட்டாய், மருந்து அனுப்பினாய். வராத ஆளின் பேரை இன்னொருத்தனுக்குப் போட்டதற்காக இரண்டு மேஸ்திரிகளை நான் எழுதி வேலையை விட்டு அனுப்பியிருக்கிறேன், அவர்களுக்காவது வீட்டில் கஷ்டம் இருந்தது.

பெரிய தொட்டியை லாசர் சொன்னபடி மாற்றி ஒரு மாதம் காத்திருந்தேன், இப்போது ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கடல் மீன் இரண்டு அதில் நன்றாகவே இருக்கின்றன. ஸ்தனிஸ்லாஸ் வாத்தியார் வந்து பார்த்து, "மலை மேல கடலக் கொண்டாந்துட்டீங்களே ரைட்டர்!" என்று கையைக் குலுக்கினார். லாட்ஜ்காரர்களும் வருகிறார்கள். நான் ஆசைப்பட்டது எல்லாம் நடந்துவிட்டது. யாராவது புகழ்ந்தால் உன் அம்மா உள்ளிருந்து ஒரு இருமல் இருமுகிறாள். அந்தத் தொட்டியை வைத்துக்கொள்வதா, லாசரிடம் திருப்பிக் கொடுப்பதா என்பதை நீ சொல்லு, நான் இனி முடிவு எடுப்பதாக இல்லை. துரைசாணி நன்றாகச் சாப்பிடுகிறாள். புதியவன் பக்கம் போவதில்லை, அவன் வந்தால் மூலைக்கு ஒதுங்குகிறாள். அவனைத் துரை என்று கூப்பிடுவதை விட்டுவிட்டேன். பாவம், அவன் ஒரு தப்பும் செய்யவில்லை, பேர் மட்டும் இல்லை, நீ வந்து வைக்க வேண்டும், வர மனசிருந்தால்.

நைட் டூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே. ஏசி அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொள், மலையில் பிறந்தவள்தானே என்று அலட்சியம் வேண்டாம், எல்லாருக்கும் எல்லாம் பழகிவிடாது. டிக்கெட் போட்டதும் சொல்லு, நான் அடிவாரத்துக்கே வந்து நிற்கிறேன். நீ நல்லா இருக்கணும் சாமி.

கடிதம் கிடைத்ததும் போன் செய். முகம் தெரிகிற போன் வேண்டாம், குரல் மட்டும் போதும். திட்டுவதாக இருந்தாலும் முழுசாகத் திட்டிவிட்டு வை, சிக்னல் இல்லை என்று இந்த முறை சொல்ல மாட்டேன்.

உன் அப்பா,
மாரிசாமி